அழகில்லாத ‘பிரிட்டி’

பக்கத்து வீட்டு மாமி அன்று வாயெல்லாம் பல்லாக வந்தார். லண்டனில் படிக்கும் பேத்தி, தீபாவளிக்கு வருவதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாள். அதில் ‘பிரிட்டி ஷூர்’ என்று ஒரு வார்த்தை.

“அழகா, நிச்சயமா வரேன்னு எழுதியிருக்காள், பார்த்தியோ!” என்றார் மாமி. மைசூர்பாகுக்கு நெய் வாங்க ஆள் அனுப்பியாகிவிட்டது.

அவரிடம் மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ‘ஷூர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நிச்சயம். முன்னால் ‘பிரிட்டி’ வந்துவிட்டால், அநேகமாக நிச்சயம்!

‘பிரிட்டி’ என்றால் அழகு என்றுதான் நாம் படித்தோம். (எழுத்தைப் பார்த்து ‘பிரெட்டி’ என்று சொல்வோரும் உண்டு. உச்சரிப்பு ‘பிரிட்டி’தான்.) பழைய ஆங்கிலத்திலோ அதற்குத் தந்திரமுள்ள என்று அர்த்தம்! தந்திரம் சாமர்த்தியமாகி, சாமர்த்தியம் நேர்த்தியாகி, அப்புறம்தான் அழகு வந்து சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டிலேயே வேறொரு உத்தியோகமும் கிடைத்துவிட்டது. இன்னொரு சொல்லுக்கு முன்னால் நின்று அளவு காட்டுவது. 1755-ல் வெளியான டாக்டர் ஜான்சனின் அகராதி, இது ‘வெரி’யைவிடக் குறைவு என்று அளந்தே சொல்லிவிட்டது.

அந்தக் குறைவில்தான் ஆபத்து இருக்கிறது. ‘பிரிட்டி குட்’ என்றால் நன்றாகவே இருக்கிறது. ‘பிரிட்டி மச் ஓவர்’ என்றால் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இவற்றால் மோசமில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து, ‘பிரிட்டி சீரியஸ்’ என்று ஒரு டாக்டர் டெலிபோனில் சொன்னால், ‘கொஞ்சம்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். நிலைமை கவலைக்கிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட சேதியை அடக்கி வாசிப்பது ஆங்கிலேயர் சுபாவம்.

‘பிரிட்டி அக்ளி’ என்றும் சொல்வார்கள். அழகான அவலட்சணமா? இல்லை, நல்ல அவலட்சணம்! சிரிக்காதீர்கள். “குழந்தைக்கு நல்ல காய்ச்சல்” என்று நாம் சொல்வதில்லையா? காய்ச்சலில் நல்லது ஏது? நல்ல வெயில், நல்ல அடி, எல்லாம் இந்த ஜாதிதான். ஒரு வித்தியாசம்: நம்முடைய ‘நல்ல’ கூட்டித்தான் சொல்லும், ‘பிரிட்டி’ சில சமயம் குறைத்தும் சொல்லும்.

பேச்சுக்கும் வீட்டுக் கடிதத்துக்கும் உரிய வார்த்தை இது. உங்கள் பெண் வேலைக்கு மனுப் போடும்போது இதை எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கியாயிற்றா என்று பேத்தியை ஒரு வரி கேட்கும்படி மாமியிடம் மெதுவாகச் சொல்லி வைத்தேன். பதில் இன்னும் வரவில்லை. நெய் வந்துவிட்டது.