கொடுக்கும் கைக்குக் கேட்கும் உரிமை உண்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

தகடூரை ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையைப் பள்ளிப் பருவத்திலேயே படித்தவர்கள் நாம். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்து வந்ததும் அந்தத் தருமபுரியிலிருந்துதான். ஆகவே ஈகை என்பது நமக்கு ஊர்ச்சொத்து என்றே உரிமை கொண்டாடலாம். ஆனால் அக்கதையில் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அதியமான் அக்கனியை வழியில் போன யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஔவை யார், அவர் நெடுநாள் வாழ்ந்தால் தமிழுக்கு என்ன பயன் என்பதையெல்லாம் அறிந்தே கொடுத்தான். நாமோ கதவைத் தட்டுபவரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறோம்.

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூரின் முகமே மாறிப்போயிற்று. ராகி விளைந்த மண்ணில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உருவாகத் தொடங்கின. வேலை தேடி வந்தவர்களுக்காக வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்து கன்னடம், கடைசி அறையில் ஒரிசாவிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள். கிராமத்தில் ரசீதுப் புத்தகத்தோடு ஒரு புது ஆள் நுழைந்தால் டீக்கடையிலேயே "எந்த ஊருப்பா? யாரைப் பார்க்கணும்?" என்று விசாரித்துவிடுவார்கள். லைன் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரரே நமக்குப் புது ஆள்தானே! போலி வசூல்காரர்களுக்கு இதைவிட வளமான நிலம் வேறெங்கே கிடைக்கும்?

போதாக்குறைக்கு எல்லை வேறு. சூசூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ரசீதில் பெங்களூர் முகவரி அச்சடித்திருந்தால், ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளி எவர் நாற்பது கிலோமீட்டர் போய்ப் பார்த்து வருவார்?

சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் லைனுக்கு இருவர் வந்தனர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஆல்பம். "அம்மா, நாப்பது பிள்ளைங்கம்மா. அப்பா அம்மா இல்லாதவங்க. ஒருவேளை சாப்பாட்டுக்கு ஏதாவது குடுங்கம்மா" என்றார் ஒருவர். அம்மா உள்ளே போய்ப் பணம் எடுத்து வருவதற்குள் நான் இல்லத்தின் பதிவு எண்ணையும் அது எந்த ஊரில் உள்ளது என்பதையும் கேட்டேன். "ஹெட் ஆபீஸ் பெங்களூரு, எல்லாம் அங்கதான் இருக்கு" என்றார்கள். ரசீதில் தொலைபேசி எண் இல்லை. அங்கே பேசுவதற்கு ஓர் எண் தாருங்கள் என்றேன். ஆல்பத்தை மூடிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்துவிட்டார்கள். அம்மாவுக்கோ என்மேல்தான் கோபம். "வாசலுக்கு வந்தவங்கள இப்படியாடி நிக்க வச்சுக் கேக்கறது? கேக்கறதுக்கு நாம யாரு?" என்றார்.

நாம் யார்? என் உள்ளத்தில் தைத்த கேள்வி அது. எங்கள் வீட்டில் கல்லூரிப்படி ஏறியவள் நான் ஒருத்திதான். இக்கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். அச்சடித்த தாளையும் முத்திரையையும் கண்டால் நம் பெற்றோருக்கு ஒரு நடுக்கம் உண்டு. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆபீஸிலும் தாளைக் காட்டியவர் முன்னால் கைகட்டி நின்று பழகியவர்கள் அவர்கள். ஏமாற்றுக்காரன் அவர்களுடைய இரக்கத்தோடு இந்த நடுக்கத்தையும் சேர்த்தே காசாக்குகிறான். அந்தத் தாளைப் படித்துச் சொல்லக்கூட முடியாதென்றால் நாம் படித்த படிப்புக்கு என்ன பொருள்?

"அரசுப் பதிவு பெற்றது" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் கூடினால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பிறந்த சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவரை நல்லவர் என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் குழந்தைகள் இல்லம் என்றால் கதை வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி அத்தகைய இல்லம் ஒவ்வொன்றும் தனியே பதிவு பெற்றாக வேண்டும். பெறாமல் நடத்துவதே குற்றம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். நாற்பது பிள்ளைகள் என்று ஒருவர் சொன்னால், அந்த நாற்பது பேரும் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்பது இரக்கமின்மை ஆகுமா? எனக்கு அதுவே மெய்யான இரக்கமாகத் தோன்றுகிறது.

குழந்தையின் இருதய அறுவைச் சிகிச்சைக்கென்று வருபவரிடம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிந்தாயிற்றா என்று கேட்கலாம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டம் அது. உண்மையாகவே தவிப்பவர் என்றால் அக்கேள்வியே அவருக்கு உதவியாகும்.

இப்போது அட்டையில் க்யூஆர் கோடு ஒட்டிக்கொண்டும் வருகிறார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். ரசீதில் அறக்கட்டளையின் பெயரும் திரையில் தனியாள் ஒருவரின் பெயரும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2020 மார்ச்சில் பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட மறுநாளே, அதன் யுபிஐ முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் போலி முகவரி ஒன்று உலவுவதை டெல்லிக் காவல்துறை கண்டறிந்து எச்சரித்தது. நாட்டின் பெயரால் நடந்த வசூலுக்கே அந்த நிலை!

ஐம்பது ரூபாய்தானே என்பார்கள். அந்த அற்பத் தொகைதான் ஏமாற்றுக்காரனுக்குக் கவசம். ஐம்பது ரூபாய்க்காக எவர் காவல் நிலையம் போகிறார்? நூறு வீட்டில் ஐம்பது வாங்கினால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐயாயிரம்!

இங்கிலாந்தில் 1939-இலேயே வீட்டுக்கு வீடு வசூலிப்பதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உரிமமும் வசூலிப்பவருக்கு அடையாளச் சின்னமும் வேண்டும் என்றது அச்சட்டம். நம் நாட்டிலும் கணக்கோடு நடக்கும் வசூலுக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-இல் நடக்கும் படைவீரர் கொடிநாள் வசூல் மாவட்ட நிருவாகத்தின் வழியே நடக்கிறது. பணம் எங்கே போகிறது என்பதைக் கேட்டறிய முடிகிறது.

எதற்கு வம்பு, யார் வந்தாலும் கதவைச் சாத்திவிடுவோம் என்று என் தோழியர் சிலர் வாதிடுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. வாசல் வாசலாகக் கிடைக்கும் அரிசியை நம்பி நடக்கும் நேர்மையான இல்லங்களும் உண்டு. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவது ஊரார் கொடுக்கும் அரிசியால்தான். கதவைச் சாத்தினால் போலி ஆள் வேறு தொழிலுக்குப் போய்விடுவான். பசியோடிருக்கும் பிள்ளைக்குத்தான் போக்கிடம் இராது.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணியினருக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டத்தில் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லங்கள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றின் பட்டியலைக் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுவோம். பெயர், ஊர், தொலைபேசி எண் இவ்வளவு போதும். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதி, லைன் வீடுகளின் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவோம். நான்கு மொழிகளுக்கும் எங்கள் வகுப்பிலேயே ஆள் இருக்கிறது.