நேத்து ராத்திரி மாத்திரையை மறந்துட்டாரு, டாக்டர்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு போன். பல வருடங்களாக என்னிடம் வரும் அம்மா ஒருவர் பேசினார்.

"தம்பி, நேத்து ரிசப்ஷனுக்குப் போயிட்டு வீடு வந்து சேர மணி பன்னெண்டாயிடுச்சு. அவரு ஒம்பது மணிக்குப் போடற கொழுப்பு மாத்திரையைப் போடாமலே படுத்துட்டாரு. இன்னைக்கு ராத்திரி ரெண்டா போடச் சொல்லட்டுமா? நெஞ்சுக்கு ஏதும் ஆயிடாதே?"

ஒன்றும் ஆகாது. இரண்டு மாத்திரையும் வேண்டாம். அவர் போடுவது அடார்வாஸ்டாட்டின். "இப்பவே ஒண்ணு போடச் சொல்லுங்க. ராத்திரிக்கு வழக்கம்போல ஒண்ணு" என்றேன்.

கணக்கு இதுதான். அடார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போடுபவர்கள் ஒரு வேளையை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், விட்டதை விட்டுவிட வேண்டும். அந்த அம்மா மதியம் பன்னிரண்டு மணிக்கு போன் செய்திருந்தால், "விடுங்க, ராத்திரி பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். சிம்வாஸ்டாட்டின் போடுபவர்கள் மட்டும் காலையில் நினைவு வந்தாலும் இரவு வரை காத்திருக்கலாம். அது உடம்பில் அதிக நேரம் தங்காத மருந்து. கொழுப்பை உடம்பு அதிகம் தயாரிப்பதும் இரவில்தான்.

தெரியாமல் ஒருநாள் இரண்டு போட்டுவிட்டால்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மறுநாள் முதல் பழையபடி ஒன்று. வேண்டுமென்றே இரண்டு போடுவதுதான் கூடாது.

ஒருநாள் விட்டால் ஏன் பயப்பட வேண்டாம்? இந்த மாத்திரைகள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதற்குத் தேவையான என்ஸைமைத் தடுக்கின்றன. தயாரிப்பு குறைந்ததும், கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. ரோசுவாஸ்டாட்டின் போட்டு 19 மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் அதில் ஏறக்குறைய பாதி இருக்கும். அதனால் ஒரு ராத்திரியில் எதுவும் தலைகீழாகிவிடாது. ஆனால் தொடர்ந்து விட்டால், சில வாரங்களில் கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கே திரும்பிவிடும். தலைவலி வராது, மயக்கம் வராது. 'நிறுத்திப் பார்த்தேன், நல்லாத்தானே இருக்கேன்' என்று நினைக்க வைப்பதும் அதுதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஸ்டென்ட் வைத்தவர்கள் பலருக்கு, கொழுப்பு மருந்தோடு ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்த ஒரே கேப்ஸ்யூலாக எழுதித் தருகிறோம். வீட்டில் அதற்கும் 'கொழுப்பு மாத்திரை' என்றே பெயர். ஆனால் அதில் உள்ள மற்ற இரண்டும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. அதில் அலட்சியம் கூடாது. ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால், குறிப்பாக ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவர்கள், அன்றே இதய டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் அட்டையின் பின்புறம் ஒருமுறை படித்துப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை மட்டும் கத்தரித்துக் கொடுத்தால் பெயர் இருக்கும் பகுதி போய்விடும். முழு அட்டையாகவே வாங்குங்கள்.

எனக்கு ஒரு நோயாளி பாடம் கற்றுக்கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர். அடார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு இறங்கவே இல்லை. 20 ஆக்கினேன். அப்போதும் இறங்கவில்லை. 40 ஆக்கினேன். "தினமும் போடறீங்களா?" என்று கேட்டபோதெல்லாம் "போடறேன் சார்" என்றார். நானும் அதற்கு மேல் துருவவில்லை.

ஒருநாள் அவருடைய மகள் ஒரு பையோடு வந்தார். பை நிறைய பிரிக்காத அட்டைகள். அப்பா கறி, மீன் சாப்பிடும் நாட்களில் மட்டும் மாத்திரை போட்டிருக்கிறார். செவ்வாய், வெள்ளி, சனி கவுச்சி கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. "கொழுப்பே சாப்பிடாத நாளுக்கு எதுக்கு சார் கொழுப்பு மாத்திரை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் நாளே நான் விளக்கியிருக்க வேண்டியது. நம் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. நாம் தயிர்சாதம் சாப்பிட்டாலும், விரதம் இருந்தாலும் கல்லீரல் லீவு போடுவதில்லை.

கதை அதோடு முடியவில்லை. பயந்துபோன மகள், மறுநாளிலிருந்து அந்த 40-ஐ தவறாமல் கொடுத்தார். மூன்றே வாரத்தில் அவருக்கு இரண்டு தொடையிலும் வலி, படி ஏற முடியவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து, சில நாள் நிறுத்தி, மறுபடி 10-லேயே ஆரம்பித்தோம். வலி போனது. தினமும் போட்டதும் அந்த 10-லேயே கொழுப்பும் இறங்கியது. ஆக, 20-உம் 40-உம் அவருக்குத் தேவையே இருந்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: "மாசத்துல பத்து நாள் மறந்துடறேன் டாக்டர்" என்று சொன்னால் எந்த டாக்டரும் முறைக்கட்டும், பரவாயில்லை. சொல்லிவிடுங்கள். மறைத்தால் அளவுதான் கூடும். (இந்த மாத்திரை போடும்போது காரணமில்லாமல் கை கால் தசை வலித்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.)

அந்த அம்மா ஏழு மணிக்கு மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி, ராத்திரின்னா இவரு டிவி முன்னாடியே தூங்கிடறாரு. காலையில பிரஷர் மாத்திரையோட சேர்த்தே போட்டுட்டா என்ன?"

தாராளமாக. அவருடைய மாத்திரையை எந்த நேரத்திலும் போடலாம். தினமும் அதே நேரமாக இருந்தால் போதும். வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா என்பதும் பிரச்னை இல்லை.

"அப்ப இன்னைக்கு ராத்திரி?"

"காலையில போட்டாச்சுல்ல? இன்னைக்கு ராத்திரி வேண்டாம்மா. இனி நாளைக்குக் காலையிலதான்."