தறியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னால்?

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நகைக்கடைகளின் வாசலில் நிற்கிற துப்பாக்கிக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குத் தாலி வாங்கப் போன தொழிலாளியும் பார்த்திருப்பான்; வாங்கிய தாலியை அடகு வைக்கப் போனபோது இன்னும் நன்றாகப் பார்த்திருப்பான். காக்கியோ நீலமோ ஒரு சட்டை, தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி, முகத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற களைப்பு. கடைக்குள் குளிர்பதனம், வாசலில் வெயில். நடுவில் அந்த மனிதர்.

அப்படி ஒருவரோடு சில நாட்களுக்கு முன் டீக்கடையில் பேச நேர்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் பிண்ட் ஜில்லாக்காரர். கொஞ்சம் ஹிந்தி, கொஞ்சம் தமிழ், மிச்சத்துக்குக் கை ஜாடை. தோளில் தொங்கிய துப்பாக்கி யாருடையது என்று கேட்டேன். கடை முதலாளியுடையது என்றோ, காவல் கம்பெனியுடையது என்றோ பதில் வரும் என்று நினைத்தேன். "என்னுடையது அண்ணா" என்றார். தகப்பனார் காலத்துத் துப்பாக்கியாம். லைசென்ஸும் இவர் பெயரில்தான். தோட்டாவும் இவர் காசு. துப்பாக்கி இல்லாத ஆளுக்கு ஒரு சம்பளம், துப்பாக்கியோடு வருகிற ஆளுக்குச் சில ஆயிரம் கூடுதல். அந்தச் சில ஆயிரத்துக்காகத்தான் ஐந்து மாநிலம் தாண்டி வந்திருக்கிறார்.

அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. காரணம், படித்துக்கொண்டு வந்தால் தெரியும்.

தோழர்களே, ஒன்று கேட்கிறேன். மில்லில் வேலைக்குச் சேர வந்தவனைப் பார்த்து, "உன் தறியை நீயே தூக்கிக்கொண்டு வா" என்று எந்த முதலாளியாவது சொன்னதுண்டா? பஸ் டிரைவரிடம் "பஸ்ஸை நீ கொண்டு வா" என்று சொன்னதுண்டா? (வயல் வேலைக்கு அரிவாளை நாம்தான் கொண்டு போகிறோம், வாஸ்தவம். ஆனால் அரிவாளை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்கு அறுப்புக்குப் போனால் யாரும் ஐந்து வருஷம் ஜெயில் என்று சொல்வதில்லை.) இந்தத் தொழிலில் மட்டும்தான் கருவியும் தொழிலாளியுடையது, ஆபத்தும் தொழிலாளியுடையது. காக்கப்படுகிற பொருள் மட்டும் முதலாளியுடையது.

சட்டம் என்ன சொல்கிறது? அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கம்பெனிக்காரர்கள் இதைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்வதே இல்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது. சென்னையில் லைசென்ஸ் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர், ஜில்லாக்களில் கலெக்டர். அந்த லைசென்ஸிலேயே அது எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கும். ஒரு ஜில்லாவுக்கு என்று இருக்கலாம், ஒரு மாநிலத்துக்கு என்று இருக்கலாம். எழுதிய எல்லைக்கு வெளியே அந்த லைசென்ஸ் வெறும் காகிதம். மாநில அரசு மனது வைத்தால் மூன்று அண்டை மாநிலங்கள் வரை நீட்டித்துத் தரலாம் என்று 2010இல் மத்திய உள்துறை வகுத்த கொள்கை சொல்கிறது. மத்தியப் பிரதேசத்துக்குத் தமிழ்நாடு அண்டை மாநிலமா? பூகோளப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

இந்தியா பூராவும் செல்லும் லைசென்ஸ் யாருக்குச் சுலபம்? அதே கொள்கையில் பட்டியல் இருக்கிறது. மத்திய மந்திரிகள், எம்.பி.க்கள், ராணுவத்தார், துணை ராணுவத்தார், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்திய சர்வீஸ் அதிகாரிகள், துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள். மற்றவன் மனுப் போட்டுக் காரணம் காட்டி, அதிகாரி கையெழுத்துக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இதைவிட வெளிப்படையாக இருந்தது. 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. அதே லிட்டன் அதே 1878இல்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கவும் ஒரு சட்டம் கொண்டுவந்தான். பத்திரிகைச் சட்டம் சில வருஷங்களிலேயே ஒழிந்தது. ஆயுதச் சட்டம் சுதந்திரம் வந்த பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தது. நிற பேதம் போயிற்று, 1959இல் புதுச் சட்டமும் வந்தது. வர்க்க பேதம் போயிற்றா என்பதுதான் கேள்வி.

இனி எல்லை தாண்டும் விஷயத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து வேறு அரசின் எல்லைக்குப் போக வெகுதூரம் போக வேண்டாம். அடையாற்றில் காரில் ஏறி, திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், மூன்று மணி நேரத்துக்குள் கனகசெட்டிகுளம். அங்கே புதுச்சேரி ஆரம்பம். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஆந்திரம். நெல்லூர் அரை நாள் சோலி. மயிலாப்பூரிலிருந்து திருப்பதிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிற பணக்காரரும் ஆந்திர எல்லையைத்தான் தாண்டுகிறார். முன் சீட்டில் டிரைவர், பக்கத்தில் துப்பாக்கிக்காரர். நகையை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு எடுத்துப் போகும் காரிலும் அப்படித்தான். வங்கிப் பணம் ஏற்றிப் போகும் வேன் என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு வேனிலும் டிரைவரோடு இரண்டு ஆயுதக் காவலர்கள் இருக்க வேண்டும், ஒரு நடையில் 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. ஐந்து கோடிக்குக் கணக்கு எழுதிய விதி, காவலாளியின் குடும்பத்துக்கு என்ன கணக்கு எழுதியது?

எல்லையில் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். தேர்தல் காலமானால் பறக்கும் படையே நிறுத்தும். காருக்குச் சொந்தக்காரர் வெள்ளை வேட்டியோடு இறங்கி இரண்டு வார்த்தை பேசுவார். துப்பாக்கி யாருடையது? காவலாளியுடையது. லைசென்ஸ் யார் பெயரில்? காவலாளி பெயரில். அதில் ஆந்திரமோ புதுச்சேரியோ எழுதியிருக்கிறதா? இல்லை. அவ்வளவுதான். லைசென்ஸ் நிபந்தனையை மீறியது என்று எடுத்துக்கொண்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே செல்லாது என்று போலீஸ் வழக்கை வேறு மாதிரி எழுதினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், ஐந்து வருஷம் வரை போகலாம். எந்த ஷரத்தில் எழுதுவது என்பது எழுதுகிறவர் கையில்.

இன்னொரு ஷரத்தும் உண்டு, 20வது. லைசென்ஸ் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சந்தேகப்படும்படி ஆயுதம் கொண்டு போகிறவனை வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். போலீஸ் மட்டுமல்ல, ரயிலிலோ பஸ்ஸிலோ வேலை செய்கிற யாரும் பிடிக்கலாம். சந்தேகம் யார்மீது வரும்? குவாலியரில் ரயில் ஏறி முன்பதிவில்லாப் பெட்டியில், துணி உறையில் சுற்றிய துப்பாக்கியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வருகிற கிராமத்தான் மீதா, பெரிய காரின் பின் சீட்டில் சாய்ந்திருக்கிற எஸ்டேட் துரை மீதா?

இதற்குச் சென்னையில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1982 மே 19 அன்று இதே தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டார்கள். பிடிபட்டார்கள், ஜாமீனில் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பேச ஆள் இருந்தது. 2012 பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில் வடநாட்டு வாலிபர்கள் ஐந்து பேரை வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கோர்ட்டு விசாரிக்க அவர்கள் உயிரோடு இல்லை. அதன் பிறகு நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் விவரத்தை வீட்டுக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஊரில்தான் நம்முடைய பிண்ட் ஜில்லாக்காரர் துப்பாக்கியோடு நிற்கிறார்.

கார் வைத்திருப்பது ஒருவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடும் என்பதை விவசாயத் தொழிலாளிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் மிராசுதார்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் தீயில் கருகினார்கள். 1973இல் மதராஸ் ஹைகோர்ட் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று என்ன? அவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது. காரும் துப்பாக்கியும் பணக்காரன் கையில் இருந்தால் கௌரவம். அதே காரில் அதே துப்பாக்கியோடு கூலிக்காரன் போனால் குற்றப்பத்திரிகை.

மேலே இருப்பவர்கள் விளையாடிய விளையாட்டைப் பாருங்கள். ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கி லைசென்ஸ்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. கலெக்டர் பதவியில் இருந்தவர்களே பணம் வாங்கிக்கொண்டு லைசென்ஸ் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. கடையில் கத்தரிக்காய் விற்பதுபோல் லைசென்ஸ் விற்றிருக்கிறார்கள்! 2022இல் ஐதராபாத்தில் போலி லைசென்ஸோடு காவல் வேலை பார்த்தவர்களைப் போலீஸ் பிடித்தபோது, அவர்களும் ஜம்மு-காஷ்மீரிலிருந்து வந்த ஏழைகள்தான். புரோக்கர் சீல் குத்திக் கொடுத்தான், கம்பெனி வேலை கொடுத்தது. சீல் நிஜமா பொய்யா என்று படித்தறிய வகையில்லாதவன் விலங்கு பூண்டான்.

சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல வேண்டாம். கம்பெனியே தன் பெயரில் லைசென்ஸ் வாங்கலாம். துப்பாக்கியைத் தன் காசில் வாங்கலாம். காவலாளியை அந்த லைசென்ஸில் பெயர் எழுதி நியமிக்கலாம். வங்கிகள் செய்கின்றன. ஆயுதச் சட்டத்தின் 33வது ஷரத்துப்படி, குற்றம் கம்பெனி செய்தது என்றால் அதை நடத்துகிறவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஷரத்துக்குப் பயந்துதான் கருவியைத் தொழிலாளி தலையில் கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். துப்பாக்கி வாங்கும் செலவு மிச்சம் என்பது இரண்டாவது காரணம்தான். தற்காப்புக்கென்று ஒருவனுக்குக் கொடுத்த லைசென்ஸை வைத்துக் கூலிக்குக் காவல் நிற்கவே கூடாது என்று பல ஊர்களில் போலீஸ் சொல்கிறது. சரி, அப்படியானால் வேலைக்கு வைத்தவனை ஏன் பிடிப்பதில்லை?

ஒரு பழைய மில் தோழரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன்தானே அய்யா கேட்டில் நம்மை மறித்தவன்? பின்னி மில்லில் 1921இல் சுட்டது மறந்து போச்சா? ஸ்டேன்ஸ் மில்லில் 1946இல் சுட்டது மறந்து போச்சா? துப்பாக்கிக்காரனுக்கு நாம் வக்காலத்தா?" என்றார். அவர் கோபம் நியாயமான கோபம். ஆனால் பின்னியிலும் ஸ்டேன்ஸிலும் சுட்டது சர்க்கார் போலீஸ், சர்க்கார் துப்பாக்கி, சர்க்கார் உத்தரவு. சுட்டவன் மேல் கேஸ் இல்லை. நகைக்கடை வாசலில் நிற்பவன் நிலைமை வேறு. அவன் நாளைக்குத் தவறிச் சுட்டாலும் ஜெயில், சுடாமல் கொள்ளை போனாலும் வேலை போச்சு, சுடவே சுடாமல் எல்லையைத் தாண்டினாலும் கேஸ். கேட்டில் நிற்பவனை நம் பக்கம் இழுக்காமல் எந்த மில் ஸ்டிரைக்காவது ஜெயித்திருக்கிறதா என்றும் கேட்டேன். தோழர் பதில் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்தார்.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் வந்தபோது தொழிலாளிகள் கொதித்தெழுந்தார்கள். மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் காவலாளிகளிடம் போய் அதைச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். அவர்களுக்கு எட்டு மணி நேரம் என்று ஒன்று எப்போது இருந்தது, வாபஸ் வாங்க? நம் சங்கங்கள் அவர்கள் தங்கும் அறைகளுக்குப் போக வேண்டும், ஹிந்தி தெரிந்த தோழர்களைக் கூட்டிக்கொண்டு. துப்பாக்கியும் லைசென்ஸும் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும், வேறு மாநிலத்துக்கு அனுப்புமுன் எழுத்து மூலமான அனுமதியின் நகல் காவலாளி கையில் இருக்க வேண்டும், பிடிபட்டால் வக்கீல் செலவும் சம்பளமும் கம்பெனி பொறுப்பு என்று கேட்க வேண்டும். தொழிலாளர் இலாகா இதைக் காதில் போட்டுக்கொள்ளுமா என்றால், ஒருவர் இருவர் கேட்டால் கொள்ளாது.

அன்று டீ குடித்து முடித்ததும் அவர் தன் லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ஹிந்தியில் எழுதி, ஓரத்தில் ஒரு சீல். "இந்தியா பூரா செல்லும்" என்றார். யார் வாங்கித் தந்தது என்று கேட்டேன். கம்பெனிக்குத் தெரிந்த ஒரு ஆள், இரண்டு மாதச் சம்பளம் பிடித்துக்கொண்டார்களாம். கலெக்டர் ஆபீஸுக்கு நீங்கள் போனீர்களா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மணி பத்தானது. கடையை மூடினார்கள். நகைகள் பெட்டகத்துக்குப் போயின. துப்பாக்கியை அவர் தோளில் மாட்டிக்கொண்டு, எட்டுப் பேர் படுக்கும் அறைக்குக் கிளம்பினார். சீக்கிரம் தூங்க வேண்டுமாம். காலை ஐந்து மணிக்கு நெல்லூருக்குக் கார் போகிறது.