அணங்கு என்றால் அழகிய பெண் மட்டுமா?



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரையில் நான் இட்ட சிவப்புக் கோடு என்னை இன்னும் உறுத்துகிறது. பாட்டி முன்பு பால்மரம் வெட்டிய தோட்டத்திற்கு, விடுமுறையில் அவருடன் சென்றுவந்ததை அவன் எழுதியிருந்தான். லயன்வீடுகள் இல்லை, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. முனியாண்டி கோயிலும் அதன் பெரிய மரமும் மட்டுமே எஞ்சியுள்ளன. பாட்டி தொலைவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் குரலையும் தாழ்த்திக்கொண்டாராம். "எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அங்கேயே நிற்க வேண்டும்போல் இருந்தது" என்று முடித்திருந்தான். நான் அதன் கீழே கோடிட்டு 'முரண்' என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

அது முரண் அன்று. அந்த உணர்வைச் சுட்டும் சொல் அவனுக்குத் தெரியவில்லை. கற்பித்திருக்க வேண்டிய நானும் கற்பிக்கவில்லை. அச்சொல் 'அணங்கு'.

அணங்கு என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது அழகிய பெண் அல்லது தெய்வப்பெண். மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் தமிழையே அணங்காகப் பாடியதும் இப்பொருள் நிலைபெறத் துணைசெய்தது. ஆயின் சங்கப் புலவர்கள் மலைக்கும் கடலுக்கும் அரசனின் முரசுக்கும் அணங்கு உண்டு என்றனர். மகளின் மெலிவு முருகனின் அணங்கால் நேர்ந்தது எனக் கருதும் தாயர் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவர். வினைச்சொல்லாக வரும்போது 'அணங்குதல்' என்பதற்கு வருந்துதல், வருத்துதல் என்னும் பொருள்கள் உண்டு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைக் கூறுகிறது. விலங்கையும் கள்வரையும் கண்டால் ஓடுவோம். அணங்கின் முன்போ கால் நகர்வதில்லை. அச்சத்தோடு ஈர்ப்பும் அங்கே கலந்திருக்கிறது என்பது என் கருத்து. திருக்குறளின் 109ஆம் அதிகாரம் 'தகையணங்குறுத்தல்'. அதன் முதற் குறளில் தலைவன், எதிரே நிற்பவள் அணங்கோ, மயிலோ, மானுடப் பெண்ணோ என்று மயங்குகிறான். வருந்துகிறான், ஆனால் விலகிச் செல்லவில்லை.

இச்சொல் பெண்ணின் ஆற்றலை மட்டும் குறிப்பதாகச் சுருக்கப்பட்டுவிட்டது என்று அறிஞர் வி. எஸ். ராஜம் 1986இல் விரிவாக எழுதினார். செருமானியச் சமய அறிஞர் உருடோல்ஃப் ஓட்டோ, புனிதத்தின் முன் மனிதனுக்கு நடுக்கமும் ஈர்ப்பும் ஒருங்கே தோன்றுகின்றன என்று 1917இல் ஒரு நூலில் விளக்கினார். அதற்குப் பெயரிட அவர் இலத்தீனச் சொற்களை நாடினார். நமக்கோ சொல் வீட்டிலேயே இருந்தது.

'பயபக்தி' போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. பயபக்தி நாம் மேற்கொள்ளும் பணிவு. அணங்கு நம்மைத் தாக்கும் ஆற்றல். சபைகூடலில் 'பயபக்தியோடு நில்லுங்கள்' என்று மாணவர்களை ஏவலாம். 'அணங்குறுங்கள்' என்று எவரையும் ஏவ முடியாது.

இது மூடநம்பிக்கையை வளர்க்காதா என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் வினவினார். முனி உண்டா இல்லையா என்பது வேறு வினா. கமுந்திங்கில் மாலை மழைக்கு முன் லாருட் மலை முகிலுக்குள் மறையும்போது, கடைத்தெருவில் நிற்கும் நமக்கும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. அங்கே எந்த முனியும் நம்மை மிரட்டவில்லை. மேலும், அச்சத்தைக் காட்டிக் காசு பறிப்போரும் சமயத்தில் உள்ளனர். அவர்கள் தருவது வெறும் பயம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தெரிந்த பிள்ளை எளிதில் ஏமாறமாட்டான். பெயர் தெரியாத பிள்ளையோ பாட்டியின் உணர்வை ஒன்று கேலி செய்வான், அல்லது அதைக் கண்டு மிரள்வான்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, 'அணங்கு' என்னும் சொல்லைக் கற்பிக்கும்போது 'அழகிய பெண்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'அம்மலை அணங்குடையது', 'அம்மரத்தின் முன் அணங்குற்று நின்றேன்' என்று வாக்கியங்களிலும் பழக்குங்கள்.

நான் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்று, குறைத்த மதிப்பெண்ணைக் கொடுத்தேன், சொல்லையும் விளக்கினேன். அவன் தன் வரியை மாற்றவில்லை. ஓரத்தில் 'அணங்கு' என்று எழுதிக்கொண்டு, "பாட்டியிடமும் சொல்கிறேன், ஐயா" என்றான்.