விலையை ஒப்பிடும் முன்

ஜெர்மனியைவிடச் சிங்கப்பூரில் சொகுசு கார் பல மடங்கு விலை, ஆகவே விற்பவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்கிறது வாதம். முதலில் கணக்கைப் போடுங்கள். காரின் இறக்குமதி மதிப்பு 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி என்றால், 2023 பிப்ரவரியில் வந்த படிநிலை விகிதப்படி (100 முதல் 320 சதவீதம்) கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டுமே 2,00,000 வெள்ளி. காரைப்போல் இரண்டு மடங்கு! கலால் வரி 20 சதவீதம், பொருள் சேவை வரி 9 சதவீதம் தனி. இதில் விற்பவர் பைக்குள் போவது எது? இரண்டாவது, வாங்கும் பொருளே வேறு. அங்கே காரை வாங்குகிறீர்கள். இங்கே காரோடு, ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் தரும் 10 ஆண்டு ஓட்டும் உரிமையையும் சேர்த்து வாங்குகிறீர்கள். விற்பவர் லாபம் வைப்பதில்லையா? வைக்கிறார். அதை வரியும் சான்றிதழும் கழித்த மிச்சத்தில் தேடுங்கள்.