உயர்ந்த ‘ஹாண்டில்’

1969ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் பீற்றர் பொண்டா ஏறிவந்த மோட்டார் சைக்கிளின் ‘ஹாண்டில்’ மான்கொம்புபோல் உயர்ந்து நின்றது. இவ்வகை ஹாண்டிலுக்கு, குரங்கு தொங்குவதைக் குறிக்கும் பெயரை அமெரிக்கர் இட்டனர், பொருத்தமே!

அழகு ஒருபுறமிருக்க, ஓட்டுபவர் படும் பாடு என்ன? கைகள் நெடுநேரம் தோளுக்கு மேல் உயர்ந்திருப்பின் இரத்தவோட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரல்கள் பிறேக்கை அளவறிந்து பிடிப்பதெங்ஙனம்? நாம் அஞ்சுவது இதற்கே. மேலும், நிமிர்ந்த மார்பு பாய்மரம்போற் காற்றை ஏற்பதால், வேகம் கூடக்கூட ஹாண்டிலைப் பற்றித் தொங்க நேரிடும்; அவ்விழுப்பு முன்சக்கரத்தையும் அசைக்கும். முதுகு வளையாதென்பது மெய்யே. அது மெல்லச் செல்வோர்க்குரிய சுகம்.

உயர்ந்த ஹாண்டிலைப் பூட்ட விரும்பும் இளைஞர், முதலில் அதனை இருபுறமும் முற்றாகத் திருப்பி, பிறேக், கிளச் கேபிள்கள் இறுகுகின்றனவா என நோக்குவாராக.