தொட்டிக்குக் கீழே

அன்புள்ள வாசகர்களுக்கு,

புழலில் வீடு கட்டிவரும் வாசகி ஒருவர், மாடிக் குளியலறையில் பாத்டப் வைக்க உறுதியான மேடை வேண்டும், எத்தனை வரிசை செங்கல் போடலாம் என்று கேட்டிருக்கிறார். 2019 கோடையில் புழல் ஏரியே வறண்டு, குடத்தோடு தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த பகுதி இது. அங்கிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

காலி அக்ரிலிக் டப்பை இரண்டு பேர் சிரமமில்லாமல் மாடிக்குத் தூக்கிவிடுவார்கள். நாம் ஏமாறுவது அங்கேதான். அதில் 200 லிட்டர் பிடித்தால் 200 கிலோ. ஆளும் இறங்கினால் 270 ஆகிவிடும். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 875 தர விதி. டப் அடைப்பதோ ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். உறுதிக்காக அரை அடி உயரத்துக்குச் செங்கல்லை நிரப்பிக் கட்டினால், மேடை மட்டுமே 300 கிலோவுக்குக் குறையாது! தரைத்தளத்தில் கட்டுங்கள், கவலையில்லை. மாடியில் மேடை தாழ்வாகவே இருக்கட்டும்; பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். டப்பின் அடிப்பாகம் கலவை மெத்தையில் முழுக்கப் படிய வேண்டும், பாரம் விளிம்பில் தொங்கக் கூடாது. வாட்டர் புரூஃபிங் மேடைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கழிவுக் குழாய்ப் பக்கம் கை நுழையச் சிறு கதவு விடச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் மறப்பது இதைத்தான்.

பாத்டப் இல்லாதவர்களும் மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் நிரம்பினால் ஒரு டன். அது தளத்தின் நடுவில் உட்காராமல் பில்லர்கள் மேல் நிற்கிறதா? ஆங்கிள் ஸ்டாண்டு என்றால் டேங்குக்கு அடியில் கடப்பா கல் இருக்கிறதா? கம்பி இடைவெளிகளில் தொங்கும் அடிப்பாகம் நாளாவட்டத்தில் விரிசல் விடும். காலி டேங்குக்கு வேறு ஆபத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் காலி டேங்குகள் மாடி மாடியாகப் பறந்தன. ஆகவே அதைக் கட்டியும் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நிரப்பியும் வையுங்கள்.

வாசகிக்கு ஒன்று: கட்டட வரைபடத்தின் நகலை அனுப்புங்கள். பீம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நமக்குத் தெரிந்த பொறியாளரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். அதுவரை செங்கல் இறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்